பழைய எண்ணெய் விளக்குகள்: அழகு எதுவரை, வேலை எதுவரை?

குடமுருட்டி எழுதியது:

பழைய பித்தளை, வெண்கல விளக்குகளைப் பற்றிப் பேச்சு வந்தால் நாம் அன்னத்தையும் பாவையையும் கொடி வேலைப்பாட்டையும் வியந்துவிட்டு அத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். விளக்கு எரிந்தாக வேண்டும் என்ற தேவை அந்த வடிவத்தை எவ்வளவு தூரம் தீர்மானித்தது என்று கேட்பவர்கள் குறைவு. கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோயில் பட்டறைகளைப் பார்த்து வளர்ந்தவன் என்ற முறையில் என் கருத்தை முதலில் வைக்கிறேன். மறுக்க விரும்புவோர் தாராளமாக மறுக்கலாம்.

நல்லெண்ணெய், இலுப்பெண்ணெய், விளக்கெண்ணெய், நெய் ஆகிய அனைத்தும் கெட்டித்தன்மை மிகுந்தவை. திரியின் இழைகளுக்கிடையே அவை மெதுவாகத்தான் மேலேறும். ஆழமான கலத்தில் எண்ணெயை நிரப்பி அதன் வாயில் திரியை நிறுத்தினால், மட்டம் இரண்டு விரற்கடை இறங்கியதுமே சுடர் சுருங்கத் தொடங்கும். எண்ணெய் போதாத திரி தானே எரிந்து கருகும். சுடர் எப்போதும் எண்ணெய் மட்டத்தை ஒட்டியே இருக்க வேண்டும் என்பதால்தான் நம் அகல்கள் ஆழமின்றி அகன்று இருக்கின்றன. ஆழமில்லாத அகலில் எண்ணெய் கொஞ்சமே கொள்ளும்; ஆகவே அடிக்கடி ஊற்ற வேண்டும்; ஊற்றும்போது சிந்தும்; திரியின் வெளிநுனி வழியாகவும் சொட்டும். அந்தச் சொட்டைப் பிடிக்கத்தான் குத்துவிளக்கின் அடித்தட்டுக்கு விளிம்பு எழுப்பியிருக்கிறார்கள். அடி அகன்றிருப்பதால் உயரமான தண்டு சாயாமலும் நிற்கிறது.

நிழலையும் கவனியுங்கள். திரியை அகலின் நடுவில் வைத்தால் தட்டின் நிழல் முழுவதும் தரையில் விழும். விளிம்பைக் கூம்பாக நீட்டி மூக்கு வைத்து, அதன் நுனியில் சுடரை நிறுத்தினால் அந்தப் பக்கத்துத் தரை வெளிச்சம் பெறும். ஐந்து மூக்குகள் வைத்தால் ஒரு சுடரின் நிழலை மற்றொன்று அழிக்கும். ஐம்முகத்துக்கு ஆன்மிக விளக்கங்கள் எத்தனையோ இருக்கின்றன. நான் அவற்றை மறுக்கவில்லை. விளக்குச் செய்தவர் இதையும் அறிந்திருந்தார் என்றே சொல்கிறேன். தண்டில் காணும் கணுக்களும் வளையங்களும்கூட எண்ணெய்ப் பிசுக்கேறிய கை வழுக்காமல் பிடிப்பதற்கு உதவுகின்றன. நல்ல பழைய விளக்கில் வேலை செய்யாத அலங்காரம் மிகக் குறைவு என்பதே என் முடிவு.

வேணாட்டான் எழுதியது:

ஐயா, பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் உச்சியில் அமர்ந்திருக்கும் அன்னம் என்ன வேலை செய்கிறது என்று சொல்லுங்கள். எங்கள் நாஞ்சில் நாட்டு வீடுகளிலும் மலையாளக் கரையிலும் உள்ள பழைய நிலவிளக்குகளில் பறவையே இராது. கூம்பிய மொட்டுப் போன்ற முனை, தட்டையான வட்ட அகல், நேரான தண்டு, மணியைக் கவிழ்த்தது போன்ற அடி ஆகியவற்றோடு வேலை முடிந்துவிடும். பெரும்பாலும் வெண்கலத்தில் வார்த்த அந்த விளக்குகள் தஞ்சைப் பக்கத்து விளக்கைவிட எந்த வகையிலும் குறைவாக எரிவதில்லை. அப்படியிருக்க, அன்னத்தை வேலைக் கணக்கில் சேர்ப்பது எப்படி?

குடமுருட்டி எழுதியது:

நியாயமான கேள்வி. உச்சிப் பகுதியைப் பிரபை என்போம். அது மரையால் தண்டோடு இறுகி, அகலை நடுவில் அழுத்திப் பிடிக்கிறது. திருகிக் கழற்றவும் மாட்டவும் கைக்கு அகப்படும் ஓர் உறுப்பு அங்கே தேவை. மொட்டு முனை அந்த வேலையைச் செய்கிறது, அன்னமும் செய்கிறது. தேவை ஒன்று, வடிவம் வட்டாரத்தைப் பொறுத்தது. சிவன் கோயிலுக்கு வார்க்கும்போது நந்தியும், பெருமாள் கோயிலுக்கு வார்க்கும்போது சங்கு சக்கரமும் அதே இடத்தில் வந்து அமர்வதைப் பார்த்தால், அந்த இடம் முதலில் பிடிமானமாக அமைந்து பிறகு அடையாளத்துக்குப் பயன்பட்டது என்பது விளங்கும்.

இன்னொரு சுவையான செய்தி: நாச்சியார்கோயிலில் விளக்கு வார்க்கும் பத்தர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உங்கள் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் என்று பட்டறைகளில் சொல்வார்கள். காவிரிப் படுகையின் வண்டல் மணல் வார்ப்புக்கு வாய்ப்பாக இருந்தது அவர்கள் இங்கேயே தங்கியதற்குக் காரணம் என்பார்கள். மணல் நுண்ணியதாகவும் சிறிது களிப்பிடிப்போடும் இருந்தால்தான் அச்சுப் பெட்டியில் கட்டையை எடுத்த பிறகும் சுவர் சரியாமல் நிற்கும். அடி, தண்டு, அகல், பிரபை ஆகியவற்றைத் தனித்தனியே வார்த்து, கடைசல் பிடித்து, அரத்தால் ராவி, மரை போட்டுப் பூட்டுவது இன்றும் நடக்கிறது. இந்தக் குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. தண்டின் வளையங்கள் இவ்வளவு கூர்மையாக இருப்பதற்குக் கடைசல் இயந்திரமும் ஒரு காரணம். மெழுகில் கையால் உருவாக்கிய பழைய தண்டுகளில் அந்தக் கூர்மை இராது. அந்த மென்மைதான் எனக்கு அதிகம் பிடிக்கும்.

கல்வெட்டுப்பித்தன் எழுதியது:

எண்ணெய் மட்டத்தைப் பற்றி நண்பர் சொன்னதற்குக் கோயில் வரலாற்றிலிருந்து ஒரு துணைச் சான்று தருகிறேன். சோழர் காலக் கல்வெட்டுகளில் நந்தாவிளக்குக் கொடைகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. பகலும் இரவும் அணையாமல் எரியவேண்டிய விளக்கு அது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் என்றும், அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் ஆடவல்லான் என்னும் அளவையால் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும் என்றும் கணக்கு வைத்திருக்கிறார்கள். வேறு பல ஊர்களில் 90 ஆடுகள் என்ற கணக்கையும் காணலாம். இந்த ஆடுகளைச் சாவா மூவாப் பேராடுகள் என்று கல்வெட்டுகள் குறிக்கின்றன. இறப்பதை ஈடுசெய்யக் குட்டிகள் பிறந்துகொண்டே இருப்பதால் மந்தையின் எண்ணிக்கை குறையாது, மூப்பும் அடையாது. விளக்கு நின்றுவிடாமல் இருக்க அறக்கொடையையே எண்ணெய்க் கலம் போல வடிவமைத்தவர்கள் அவர்கள்.

நாழியில் நான்கில் ஒரு பங்குதான் உழக்கு. ஒரு முழுநாளை அந்த நெய்யில் ஓட்ட வேண்டுமென்றால் திரி மெல்லியதாகவும் சுடர் சிறியதாகவும் இருந்திருக்க வேண்டும். கருவறையில் நாம் காணும் அடங்கிய ஒளி திட்டமிட்ட அழகு என்பார்கள். அதில் நெய்க் கணக்கும் கலந்திருக்கிறது என்பேன்.

உலோகத்துக்கும் இதில் பங்கு உண்டு. மார்கழிக் குளிரில் நெய் உறைந்துவிடும். உறைந்த நெய் திரியில் ஏறாது. செம்பு கலந்த உலோகம் வெப்பத்தை நன்றாகக் கடத்துவதால், சுடரருகே சூடாகும் மூக்கிலிருந்து வெப்பம் அகல் முழுவதும் பரவி நெய்யை இளக்கி வைக்கிறது. மண் அகலில் இந்த வசதி குறைவு.

நெய்தல்நிலா எழுதியது:

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எண்ணெய் மட்டம் இறங்கக் கூடாது என்ற சிக்கலுக்கு ஆளையோ ஆட்டையோ நம்பாமல் விளக்குக்குள்ளேயே விடை கண்ட கம்மியர் எங்கள் தீவில் இருந்தனர். கேகாலை மாவட்டத்துத் தெதிகமவில், முதலாம் பராக்கிரமபாகு எழுப்பிய தாதுகோபத்தை (பௌத்தத் தூபியை) 1951 இல் அகழ்ந்தபோது கிடைத்த யானை விளக்கைத்தான் சொல்கிறேன். பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த வெண்கலத் தூக்குவிளக்கு அது. வட்ட அகலின் நடுவே யானை நிற்கிறது. அதன் உடல் உள்ளே வெறுமையானது. அதுவே எண்ணெய்ச் சேமிப்பு. அகலில் மட்டம் இறங்கினால் யானையின் சிறுநீர்த் துளை வழியாக எண்ணெய் ஒழுகி, மட்டம் பழைய நிலைக்கு வந்ததும் தானே நின்றுவிடும். கம்மியருக்கு நகைச்சுவை உணர்வும் இருந்திருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை.

எங்கள் கோயில்களில் மூலத்தானத்துக்கு முன்னால் சங்கிலியில் தொங்கும் தூண்டாமணி விளக்கிலும் சேமிப்புக் கலத்துக்கென்று தனி இடம் உண்டு. அகலுக்கு மேலே கவிழ்ந்திருக்கும் அந்தக் கலத்தைப் பல இடங்களில் பறவை உருவிலோ குமிழ் உருவிலோ செய்திருப்பார்கள். குடமுருட்டி ஐயா தேடும் சான்றுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடைக்காது. இங்கே சிற்பத்தை எடுத்துவிட்டால் விளக்கே எரியாது.

வேணாட்டான் எழுதியது:

மட்டம் வந்ததும் எண்ணெய் தானாக நிற்பது எப்படி? உள்ளே ஏதேனும் அடைப்பான் உண்டா?

நெய்தல்நிலா எழுதியது:

அடைப்பான் எதுவும் இல்லை. கோழிக்குஞ்சுகளுக்குத் தண்ணீர் வைக்கும் கவிழ்த்த போத்தலை நினைத்துக்கொள்ளுங்கள். கலம் மேலே காற்றுப் புகாதபடி மூடியிருக்கும். அதற்குள் காற்று நுழையும் ஒரே வழி அகலின் எண்ணெய் மட்டத்தையொட்டி அமைந்திருக்கும். மட்டம் உயர்ந்து அந்த வழியை மூடிவிட்டால் உள்ளே காற்று போகாது; வெளிக்காற்றின் அழுத்தம் எண்ணெயைத் தாங்கிக்கொள்ளும். மட்டம் இறங்கித் துளை திறந்ததும் காற்றுக் குமிழ் உள்ளே ஏறி, அந்த அளவுக்கு எண்ணெய் வெளியேறும். ஒன்பதாம் நூற்றாண்டுப் பாக்தாதில் வாழ்ந்த பனூ மூசா சகோதரர்களும் தாமாக எண்ணெய் ஊட்டிக்கொள்ளும் விளக்குகளை வகுத்திருக்கிறார்கள். பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியரான கார்டானோவின் பெயரிலும் ஐரோப்பாவில் இத்தகைய விளக்கு வழங்கியது. ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றார் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே எண்ணெய் எல்லா நாட்டிலும் ஒரே தொல்லையைத் தந்திருக்கிறது.

மாடவிளக்கு எழுதியது:

இதுவரை படித்ததில் எனக்குக் குறையாகப் படுவது ஒன்று உண்டு. எல்லாவற்றையும் எண்ணெய் மட்டத்துக்குள் அடக்கிவிட்டால் பாவை விளக்கை எங்கே வைப்பது? இரு கைகளாலும் அகலை ஏந்தி நிற்கும் பெண்ணுருவுக்கு அவ்வளவு பெரிய சிற்பம் தேவையே இல்லை, முக்காலி போதும். அதற்காகச் செலவிட்ட உலோகமும் உழைப்பும் ஒளிக்காகச் செய்த செலவல்ல.

திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலின் பாவை விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சை மராட்டிய அரச குடும்பத்தைச் சேர்ந்த அம்முனு அம்மணி என்பவர், உறவினரான பிரதாபசிம்மரை மணக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டு, வேண்டுதல் நிறைவேறியதும் இலட்ச தீபம் ஏற்றி, அவற்றுள் ஒன்றாகத் தம் உருவையே பாவை விளக்காக வார்த்து 1853 இல் அளித்தார். பீடத்தில் பொறித்த தமிழ் எழுத்துகள் இதைச் சொல்கின்றன. அந்த விளக்கின் பொருள் வெளிச்சம் அன்று. கொடுத்தவர் ஒருநாளும் கோயிலை விட்டு நீங்காமல், கை தளராமல், இறைவன் முன் நின்றுகொண்டே இருக்கிறார் என்பதுதான் அதன் பொருள். சேலை மடிப்பு, அணிகள், பின்னல், நிற்கும் நிலை ஆகிய எல்லாம் ஆளை அடையாளம் காட்டுவதற்காக அமைந்தவை. நாயக்கர் காலத்துப் பாவைகள் சிலவற்றின் தோளில் கிளி அமர்ந்திருக்கும். அது எந்த எண்ணெயை ஊற்றுகிறது என்று குடமுருட்டி ஐயாதான் சொல்ல வேண்டும்.

கல்வெட்டுப்பித்தன் எழுதியது:

அம்மா சொல்லும் மரபின் வேர் மிகப் பழையது. நெடுநல்வாடையில் அரண்மனையை வருணிக்கும் பகுதியில், யவனர் செய்த வேலைப்பாடு மிக்க பாவை கையில் ஏந்திய அகலில் நெய் நிறையச் சொரிந்து, பருத்த திரியைக் கொளுத்தினார்கள் என்று வருகிறது. முல்லைப்பாட்டிலும் பாவை விளக்கு எரிகிறது. யவனர் இயற்றிய பாவை என்பது புலவரின் வெறும் கற்பனையாக இருக்க வேண்டியதில்லை. உரோமப் பேரரசில் செல்வர்களின் விருந்துக் கூடங்களில் விளக்கேந்தும் வெண்கல இளைஞர் உருவங்கள் இருந்தன. 1925 இல் பொம்பெயி நகர வீடொன்றில் கிடைத்த உருவம் அவற்றுள் பெயர்பெற்றது.

ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். உரோமரின் சாதாரண மண்விளக்கு மேலே மூடியது; நடுவில் எண்ணெய் ஊற்றத் துளையும், முன்னால் திரிக்கு மூக்கும் இருக்கும். ஆலிவ் எண்ணெய் உறைவது அரிது என்பதால் அந்த மூடிய வடிவம் அவர்களுக்குப் பொருந்தியது. மேல்மூடியின் வட்டத்தையே சிறு சிற்பப் பலகையாக ஆக்கி மற்போர் வீரரையும் தெய்வங்களையும் அச்சில் பதித்தார்கள். நெய் எரிக்கும் நாட்டில் மூடிய விளக்கு உதவாது. உறைந்த நெய்யை அந்தத் துளை வழியே எப்படி இடுவது? எனவே பாவை யவனருடையதாக இருந்தாலும் அது ஏந்திய அகல் திறந்த அகலாகவே பாட்டில் வருகிறது. நெய் தீருந்தோறும் மீண்டும் நிரப்பினார்கள் என்று அடுத்த அடியே சொல்கிறது. முல்லைப்பாட்டின் பாசறையில் நெய் உமிழும் சுரை என்னும் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு, விளக்கு அவியுந்தோறும் கொளுத்தும் பெண்கள் வருகிறார்கள். யானையின் வயிறு செய்த வேலையை அங்கே மனிதர் செய்தனர்.

குடமுருட்டி எழுதியது:

கிளி எண்ணெய் ஊற்றவில்லை என்பதை மறுக்க நான் துணியமாட்டேன். பாவை விளக்கு காணிக்கை என்பதிலும் எனக்கு மாறுபாடு இல்லை. இருந்தாலும், சிற்பி அந்த உருவை வார்க்கும்போது சுடரைக் கணக்கில் கொண்டாரா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. கொண்டார் என்றே கருதுகிறேன். பாவையின் கைகள் எப்போதும் உடலிலிருந்து முன்னே தள்ளி, நெஞ்சுக்கோ இடைக்கோ நேராக அகலை ஏந்தி நிற்கின்றன. சுடர் முகத்துக்கு முன்னும் கீழும் இருப்பதால் வெளிச்சம் கீழிருந்து மேலேறி, தாடையின் அடியையும் மூக்கின் அடிப்பக்கத்தையும் இமைகளின் கீழ்வரியையும் தொடுகிறது. அருங்காட்சியகக் கூடத்தில் மேலிருந்து விழும் விளக்கொளியில் அதே முகம் தூங்கி வழிவது போலத் தெரியும். பருத்த இமையும் தடித்த உதடும் குறையாகத் தோன்றும். நெய்ச்சுடரில் அவை சரியான அளவுக்கு வந்துவிடுகின்றன. ஏற்றாத பாவை விளக்கைப் பார்த்து அதன் முக அமைப்பை மதிப்பிடுவது நியாயமில்லை.

கஜலட்சுமி விளக்குக்கும் இதையே சொல்லலாம். அகலின் பின்னால் நிற்கும் அந்தத் தட்டு, மெருகேறியிருக்கும்போது சுடரின் ஒளியை முன்னே திருப்பி அனுப்புகிறது. பின்னாலிருந்து வரும் காற்றையும் தடுக்கிறது. யானைகளும் தாமரையும் அத்தட்டில் புடைப்பாக இருப்பதால் சுடர் அசையும்போது அவையும் அசைவது போலத் தோன்றும்.

கடைசியாக ஒன்று. பிரான்சில் கார்செல் என்னும் கடிகாரத் தொழிலாளர் 1800 இல் எண்ணெயை மேலேற்றக் கடிகாரப் பொறியால் இயங்கும் சிறு பம்பை விளக்கின் அடியில் வைத்தார். அதற்கு முன் 1780 இல் ஆர்கண்ட் குழாய் வடிவத் திரியையும் கண்ணாடிப் புகைபோக்கியையும் சேர்த்துச் சுடரைப் பிரகாசமாக்கியிருந்தார். ஆனால் அவருடைய விளக்கில் எண்ணெய்க் கலம் சுடருக்குப் பக்கவாட்டில் உயரத்தில் தொங்கி நிழல் போட்டது. கெட்டியான எண்ணெயோடு அவர்களும் மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். 1850களுக்குப் பிறகு மண்ணெண்ணெய் வந்தது; நீர்த்த அந்த எண்ணெய் நீண்ட திரியிலும் எளிதாக ஏறியதால் கலம் சுடருக்கு அடியில் போய்விட்டது. லாந்தரின் உருவமே அந்த ஒரு மாற்றத்தில் பிறந்தது. குத்துவிளக்கு மட்டும் பூசையறையில் தங்கிவிட்டதால் பழைய எண்ணெயும் பழைய உருவமும் சேர்ந்தே பிழைத்தன.

அருங்கலம் எழுதியது:

உலோகப் பொருள்களைப் பேணும் பணியில் இருப்பதால் இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன். முதலாவது, சுத்தம் செய்வது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும்; வெண்கலம் செம்பும் வெள்ளீயமும். புளியும் எலுமிச்சையும் அமிலம் கொண்டவை. பித்தளையை அவற்றில் நெடுநேரம் ஊறவைத்தால் மேற்பரப்பில் துத்தநாகம் கரைந்து, செம்பு நிறத் திட்டுகள் தங்கிவிடும். அவற்றைப் பழைய நிறத்துக்குக் கொண்டுவர மறுபடி ராவ வேண்டியிருக்கும். செங்கற்பொடியும் சாம்பலும் தலைமுறை தலைமுறையாகத் தேய்த்ததால் கண்ணும் மூக்கும் மழுங்கிப்போன பாவைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். நாளும் ஏற்றும் புது விளக்கைப் புளியிட்டுத் துலக்குங்கள், தடையில்லை. பழைய விளக்கானால் வெதுவெதுப்பான நீரில் சிறிது சவர்க்காரம் கலந்து ஊறவைத்து, இறுகிய எண்ணெய்க் கசடை மூங்கில் குச்சியால் நீக்கி, ஈரமின்றி உலர்த்தினால் போதும். மேற்பரப்பின் கரும்பழுப்பு நிறத்தைச் சுரண்டக் கூடாது. வெளிர்பச்சைப் பொடி உதிரும் புள்ளிகள் இருந்தால் அது வேறு நோய். உப்பும் ஈரமும் உலோகத்தை உள்ளிருந்து அரிக்கின்றன என்று பொருள். அதை வீட்டில் வைத்தியம் பார்க்காமல் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

இரண்டாவது, பழமையை அறிவது. அமிலம் தடவி மண்ணில் புதைத்து எடுத்த புது விளக்கில் பச்சை நிறம் எல்லா இடத்திலும் ஒரே சீராகப் படிந்திருக்கும். மெய்யாகவே புழங்கிய விளக்கில் தேய்மானம் சீராக இராது. கை பட்ட இடம், தரையில் இழுபட்ட அடிவிளிம்பு, சுடர் தின்ற மூக்கு ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று வேறுபட்டுத் தேய்ந்திருக்கும். மரையைக் கழற்றிப் பாருங்கள். கையால் வெட்டிய மரையில் இழைகளின் இடைவெளி சமமாக இராது, வேறு தண்டிலும் அது ஏறாது.

மாடவிளக்கு எழுதியது:

பாட்டி வழி வந்த பழைய விளக்கை வெளிநாட்டில் இருக்கும் பெண்ணுக்குச் சீராக அனுப்பலாமா என்று உறவினர் ஒருவர் கேட்கிறார். இந்த உரையாடலோடு தொடர்புள்ளதால் இங்கேயே கேட்டுவிடுகிறேன்.

அருங்கலம் எழுதியது:

இந்தியாவின் 1972 ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டுகளுக்குக் குறையாத கலைப்பொருள் தொல்பொருளாகக் கருதப்படும். அதைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. விளக்கு அந்த வயதை எட்டாததாக இருந்தாலும், பார்வைக்குப் பழமையாகத் தெரிந்தால் விமான நிலையத்தில் நிறுத்திவிடுவார்கள். இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை முன்கூட்டியே பெற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். 100 ஆண்டைத் தாண்டியதென்றால் அது வீட்டிலேயே இருக்கட்டும். பெண்ணுக்குப் புதிதாக ஒன்று வார்த்து அனுப்பலாம்.

குடமுருட்டி எழுதியது:

புதிதாக வார்ப்பதாக இருந்தால் பத்தரிடம் பழைய விளக்கின் அகலை அளவெடுக்கச் சொல்லுங்கள் அம்மா. இப்போது கடைக்கு வரும் பல விளக்குகளில் எடையைக் குறைப்பதற்காக அகலை மெலிதாக்கி, மூக்கையும் குட்டையாக்கிவிடுகிறார்கள். திரி உள்ளே சரிந்து அணைந்துபோகிறது. உயரம் எவ்வளவானாலும் மூக்கு முன்னே நீண்டிருக்க வேண்டும், அடித்தட்டுக்கு விளிம்பு இருக்க வேண்டும் என்ற இரண்டையும் முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுவது நல்லது.